டிரைவர் சொன்னது

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் படாளத்துக்கும் கருங்குழிக்கும் நடுவே ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்துவிடும். என்னால் அவருக்கு ஆனது போதும், இதுவும் சேர வேண்டாம். என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்தான். அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஏதோ பெரிய உத்தமன் மாதிரி இதை எழுதியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர் அவர். என்ஜினை இறக்கி ஏற்றுகிற மெக்கானிக் இல்லை. வயர், பல்பு, செல்ஃப் மோட்டார், சென்சார், இந்த மாதிரி சங்கதிகள். படாளம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கூரை போட்டு, அதைக் கடை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கைலி, எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை. வாசலில், விபத்தில் நசுங்கிய ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றிய மூன்று பேர் சீட்டைப் போட்டு வைத்திருந்தார். வண்டியைக் கொண்டுபோனால் பானெட்டைத் திறக்க மாட்டார். முதலில் டிரைவர் அந்த சீட்டில் உட்கார வேண்டும். டீ வரும். பிறகு நோட்டை எடுத்து ஒரு பக்கத்தின் உச்சியில் ‘டிரைவர் சொன்னது’ என்று எழுதி, அடியில் கோடு போடுவார்.

“சொல்லு நைனா. மொதல்ல எப்ப ஆச்சு? அப்ப நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

நாம் சொல்லச் சொல்ல எழுதுவார். நம் வாயில் வந்ததை அப்படியே எழுதுவார். ‘கொர்ருனு சத்தம்’ என்றால் கொர்ருனு சத்தம் என்றேதான் நோட்டில் இருக்கும். மழையா வெயிலா, ஏசி ஓடியதா, வண்டியில் எத்தனை பேர், மேடா பள்ளமா, எல்லாம் கேட்பார். அவசரமாக வந்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அண்ணாத்த, நான் இன்னா போலீஸ் ஸ்டேஷனுக்கா வந்துகீறேன்?” என்று கத்தியவர்கள் உண்டு. டிரைவர்கள் மத்தியில் அவருக்கு ரைட்டர் என்று பட்டப்பெயரே இருந்தது. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த கேள்வியைக் கேட்பார்.

ஒருநாள் மதுராந்தகத்துப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வந்தார். “சொன்னா சிரிப்பீங்க. என் பொண்டாட்டி ஏறுனா மட்டும் வண்டி நின்னு பூடுது” என்றார். கடையில் இருந்த நாங்கள் நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒருவன், வண்டிக்காவது ரோஷம் இருக்கிறதே என்றான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. ‘பொண்டாட்டி ஏறுனா மட்டும் நிக்குது’ என்று எழுதிக்கொண்டு, “அவங்க எந்தப் பக்கம் ஒக்காருவாங்க?” என்று கேட்டார். எப்போதும் இடது ஓரத்தில், மடியில் கூடையோடு என்று பதில் வந்தது. போய்ப் பின்சீட்டைத் தூக்கினார். இடது ஓரத்தில் சீட்டுக் கம்பிக்கு அடியில் பெட்ரோல் பம்புக்குப் போகிற வயர் மாட்டி, தோல் உரிந்து கிடந்தது. மற்ற சவாரிகள் உட்கார்ந்தால் கம்பி அவ்வளவு அமுங்காது. அந்த அம்மா கூடைச் சுமையோடு ஓரத்தில் உட்கார்ந்தால் அமுங்கும். ஆட்டோக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இத சொன்னதுக்கு ரெண்டு எடத்துல என்ன வெரட்டி வுட்டாங்க அண்ணாத்த” என்றார்.

இன்னொருவர் கோவளத்திலிருந்து மீன் ஏற்றுகிறவர். அவர் வண்டியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் யாரும் தொடாமலே ஹாரன் அடிக்கிறது என்றார். கேட்பவர்கள் வேப்பிலை அடிக்கச் சொல்வார்கள். இவர் பஸ் பிடித்துக் கோவளம் போய், அந்த வண்டிக்குப் பக்கத்தில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். கடல்காற்று திரும்பியது, ஹாரன் அடித்தது. ஸ்டியரிங் அடியில் இருக்கிற ஸ்விட்சில் உப்பு ஏறி, ஈரக்காற்று பட்டதும் கரண்ட் தாண்டிப் போயிருக்கிறது. இரண்டு நாள் இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையைவிட, அந்த ஆள் சொன்னது நிஜமாகவே இருந்தது என்பதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

அவரிடம் சின்னதாக ஒரு ஸ்கேனர் மிஷின் இருந்தது. வண்டியில் செருகினால் கோளாறின் நம்பரைக் காட்டும். கடைசியாகத்தான் அதை எடுப்பார். “இது நம்பரு சொல்லும். ஏன்னு சொல்லாது. ஏன்னு ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தெரியும்ன்றதே அவனுக்குத் தெரியாது, நாமதான் கேட்டு வாங்கணும்” என்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் நான் பொய் சொன்னேன். ஒரு தடவை இல்லை.

அப்போது செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸ் ஓனரிடம் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓனருக்கு ஆறு வேன்கள். ஆறுக்கும் எலக்ட்ரிக்கல் வேலை இவரிடம்தான், இவர் பிழைப்பில் முக்கால் பங்கு அதுதான். காலையில் கருங்குழி, படாளம் என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் விட வேண்டும், சாயங்காலம் திரும்ப அழைத்துவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு வண்டி கருங்குழியில் என் வீட்டு வாசலில் நிற்கும். ஓனர் கெட்டிக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் மீட்டரை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை காலையில் இன்னொரு போட்டோ. இரண்டிலும் கிலோமீட்டர் ஒன்றாக இருக்க வேண்டும்.

என் மனைவியின் அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது கடல் பார்க்க வேண்டும் என்றார்கள். அதில் ஆரம்பித்தது. இன்னொரு டிரைவர் வழி காட்டினான். வேனுக்கு அடியில், கியர் பாக்ஸின் வால் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு வேக சென்சார் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மீட்டருக்குச் சொல்வது அதுதான். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் மீட்டர் தூங்கிவிடும், டெல்லி வரை போய் வந்தாலும் ஒரு கிலோமீட்டர் ஏறாது. டீசலை நானே போட்டுக்கொண்டேன். மாமல்லபுரம் போய் வந்தோம். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அதற்கடுத்து தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். காதுகுத்து, மொட்டை, அறுபதாம் கல்யாணம், எதுவாக இருந்தாலும் முடித்த கையோடு கடற்கரைக் கோயில் முன்னால் நின்று போட்டோ எடுத்தாக வேண்டும் எங்கள் ஆட்களுக்கு. என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சவாரியாகிவிட்டன.

அந்தப் பிளக்கில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் லாக் உண்டு. எப்போதோ ஒருமுறை கழற்றுவதற்காகச் செய்தது. நான் வாராவாரம் கிரீஸ் கையோடு பிடுங்கிப் பிடுங்கி அதை உடைத்துவிட்டேன். அதன் பிறகு பிளக் உட்காரும், ஆனால் பிடிக்காது. கடலோரத்தில் நிறுத்தி நிறுத்தி உள்ளே இருக்கிற பின்களும் பச்சை பூத்திருந்தன. வார நாட்களில் ஆட்களோடு போகும்போது ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் மீட்டர் முள் படக்கென்று பூஜ்யத்துக்கு விழும். எச்சரிக்கை லைட் எரியும். சில சமயம் வேகத்தைக் குறைத்தால் என்ஜினே நின்றுவிடும். வண்டியில் வருகிறவர்கள் ஓனருக்கு போன் போட்டார்கள். “ரைட்டராண்ட வுடு” என்றார் ஓனர்.

போவதற்கு முன் வேனுக்கு அடியில் படுத்து, பிளக்கை நன்றாக அழுத்திச் செருகி, மேலே கொஞ்சம் சேற்றையும் பூசிவிட்டுத்தான் போனேன்.

சீட்டில் உட்கார்ந்தேன், டீ வந்தது. முள் விழுவது, லைட் எரிவது, என்ஜின் நிற்பது எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னேன். அவர் ஸ்கேனரைச் செருகினார். வேக சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று நம்பர் காட்டியது. முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டு, சாக்கு விரித்து அடியில் படுத்தார்.

“இதுல மூணு வயரு கீது. ஒண்ணு கரண்டு, ஒண்ணு எர்த்து. மூணாவதுலதான் சேதி போவுது. நீ சக்கரத்த சுத்து, சேதி வருதான்னு மீட்டரப் பாத்து சொல்லு” என்றார்.

சுற்றினேன். கரண்ட் அளக்கிற மீட்டரில் எண் ஏறி ஏறி இறங்கியது. “வருதுண்ணாத்த.” வராமல் என்ன? நான்தானே காலையில் அழுத்திச் செருகியிருந்தேன். அவர் டார்ச் அடித்து அந்தப் பிளக்கையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லாக்கு ஒடஞ்சிகீது நைனா. யார்னா இத கழட்டுனாங்களா?”

“இல்லண்ணாத்த. அத யாரு கழட்டப் போறாங்க? கல்லுகில்லு பட்டிருக்கும்.”

அடியிலிருந்து வெளியே வந்தார். நோட்டில் ஏதோ எழுதினார். பின்களைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, பிளக்கை சென்சாரோடு சேர்த்து பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டினார். அது போதும். அதோடு விட்டிருந்தால் அந்த வண்டி உடைசலுக்குப் போகும் வரை அந்தக் கோளாறு வந்திருக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண வீட்டுச் சவாரியை ஒப்புக்கொண்டிருந்தேன். பிளேடால் டையை அறுத்தேன். திங்கட்கிழமை மறுபடியும் முள் விழுந்தது.

“கட்டுன டைய காணோமே?” என்றார் அவர், அடியில் படுத்தபடி.

“ரோடு அப்டி கீது. அறுந்து வுழுந்திருக்கும்ணாத்த.”

எழுந்து வந்து, மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டி, அந்த டை பாக்கெட் முழுவதையும் குப்பையில் போட்டார். புதிதாகத் தடிமனான டை வாங்கி வந்தார். கல் அடித்திருந்தால் உள்ளேயும் விரிசல் இருக்கும் என்று சென்சாரையே புதிதாக மாற்றினார். அந்தத் தடிமனான டையை அறுக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

மூன்றாவது தடவை, தடிமனான டையையும் காணோமே என்று இரண்டு மணி நேரம் அடியில் கிடந்தார். சென்சாரைக் கழற்றி உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு சாணாக ஆட்டிக்கொண்டே போனார். நான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அவர் “சேதி வருதா?” என்று கேட்க வேண்டும், நான் “வருதுண்ணாத்த” என்று சொல்ல வேண்டும். கியர் பாக்ஸ் எண்ணெய் அவருடைய சட்டைக் காலரில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எத்தனை தடவை வருதுண்ணாத்த என்று சொன்னேனோ தெரியாது.

நடுவில் டீ குடிக்கும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். “அண்ணாத்த, டிரைவருங்க பொய் சொன்னா இன்னா பண்ணுவீங்க?”

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. “வண்டில போறது அவன் உசுரு. என்னாண்ட பொய் சொல்லி அவனுக்கு இன்னா ஆவப் போவுது?” என்றார். பிறகு நோட்டைப் புரட்டி என் பக்கம் காட்டினார். “இத பாரு. எப்பவும் திங்கக்கெயமதான் வருது. ஞாயித்துக்கெயம வண்டி எங்க நிக்குது?”

நான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னேன். “வூட்டாண்டதான்.”

கொஞ்சம் யோசித்தார். “வூட்டாண்ட எலி கீதா?”

“கீதுண்ணாத்த. நெறைய கீது.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாலு வாரமாகத் தேடியது கையில் கிடைத்த மாதிரி இருந்தது. எலி எந்தப் பக்கத்தில் சுற்றுகிறது, பெருச்சாளியா சுண்டெலியா என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டார். நானும் சளைக்காமல் சொன்னேன். எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பூனைகள் இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தன் மொபெட்டில் பாச்சை உருண்டைப் பொட்டலத்தோடு கருங்குழிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டார், எலி வராமல் வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிடுவதற்காக. நான் மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்கு வெளியே இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என்ன செய்வாள்? டீசல் போடப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வெளியில் நின்றபடியே ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். அதன் பிறகு, வண்டி எங்கேயாவது நின்றுபோய் நான் நடுரோட்டில் மாட்டிக்கொண்டிருப்பேனோ என்று பயந்து, ஜிஎஸ்டி ரோட்டில் மேற்கொண்டு இரண்டு பங்க் வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தாராம்.

சாயங்காலம் நான் வந்ததும் என் மனைவி பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இந்த மனுசனாண்டயா பொய் சொல்லிகினு கீற? வெயில்ல உன்ன தேடிகினு போறாரு. என் வாயாலயும் சொல்ல வெச்சிட்ட.”

“இன்னும் ரெண்டு சவாரி ஒத்துக்கினு கீறேன். அதோட வுட்டுர்றேன்” என்றேன்.

மறுநாளே நடந்தது. பூஞ்சேரி சந்திப்பில் கடற்கரைச் சாலைக்குத் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தேன். முந்தின நாள் அவசரத்தில் பிளக்கை அரைகுறையாகச் செருகியிருந்தேன். முள் விழுந்தது, என்ஜின் நின்றது. வேன் ஓடிவந்த வேகத்தில் நட்டநடு ரோட்டுக்குக் குறுக்கே உருண்டுகொண்டிருந்தது. புதுச்சேரிப் பக்கமிருந்து வந்த பஸ்காரர் பிரேக்கில் ஏறி நின்று, எங்களுக்கு ஒரு முழம் பாக்கி வைத்து நிறுத்தினார். பஸ்ஸைப் பார்த்து நானும் பதறி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்ததில், பின்னால் எழுந்து நின்றிருந்த ஒரு பெண் முன்சீட்டுக் கம்பியில் மோதி விழுந்தாள். புருவம் பிளந்து முகமெல்லாம் ரத்தம். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓனர் நேராக என்னையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு படாளம் போனார். வண்டியை விட்டு இறங்கும்போதே கத்த ஆரம்பித்தார்.

“மூணு வாட்டி வண்டிய வுட்டேன். மூணு வாட்டியும் சரி பண்ணிட்டேன்ன. இன்னிக்கு ஒரு பொண்ணு மண்ட ஒடஞ்சிகீது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். “தெரியல சார். என்னால கண்டுபுடிக்க முடியல.”

“இவன் ஒழுங்கா ஓட்டுறானா இல்லியா? அத்தயாவது சொல்லு” என்று ஓனர் என் பக்கம் கை நீட்டினார்.

“அவர் மேல தப்பு இல்ல சார். ஒவ்வொரு வாட்டியும் எல்லாத்தையும் கரெக்டாதான் சொன்னாரு. எனுக்குத்தான் வெளங்கல.”

நான் வேனின் பின் சக்கரத்தில் எத்தனை நட்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்தான் கழற்றினேன் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எனக்கு வேலை போகும், அந்தப் பெண்ணின் ரத்தத்துக்கு ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டி வரும். சொல்லாவிட்டால் அவருக்கு ஆறு வண்டியும் போகும். எது பெரியது என்று யோசிக்கக்கூட இல்லை. எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

ஆறு வண்டியும் போயிற்று. செங்கல்பட்டில் இருக்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பகுதி வயரிங் முழுவதையும் பிளக்கோடு புதிதாக மாற்றினார்கள். அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் பார்த்த பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைச் சவாரியை அடியோடு விட்டுவிட்டேன். கோளாறு திரும்ப வரவில்லை. ஆக, இவர் ஒரு மாதமாகத் தடவிக்கொண்டிருந்ததைப் பெரிய இடத்தில் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள் என்று பேச்சாயிற்று. ரைட்டருக்கு எழுத மட்டும்தான் தெரியும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன். மற்ற ஓனர்களும் ஒவ்வொருவராக வண்டிகளைச் செங்கல்பட்டுக்குத் திருப்பினார்கள்.

சில வாரம் கழித்துப் படாளம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அங்க இன்னா கண்டுபுடிச்சாங்க நைனா?”

“வயர மாத்துனாங்க.”

“அது சரி. எந்த எடத்துல அறுந்திருந்துது? நான் போய் கேட்டேன், வாசலாண்டயே நிக்க வெச்சிட்டானுங்க. நாளைக்கே என்னாண்ட இன்னொரு வண்டி அப்டி வந்து, அதுல இருக்கிற யாருக்குனா எதுனா ஆயிட்டான்னு நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குது.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றிலிருந்து படாளம் கூட்டு ரோட்டில் இறங்குவதை விட்டேன். வேலை இருந்தால்கூட ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. ஓனரிடமிருந்து விலகி, பழைய கார் ஒன்று வாங்கிச் சொந்தமாக ஓட்ட ஆரம்பித்தேன். என் மனைவி மட்டும் விடவில்லை. அந்தப் பாச்சை உருண்டைப் பொட்டலத்தை அவள் தூக்கி எறியவே இல்லை, துணி பீரோவில் வைத்திருந்தாள். சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை அடிக்கும். கடைசியில் ஒரு மத்தியானம் போனேன்.

கடையில் ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டும் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சீட்டில் உட்காரவைத்து, டீ சொன்னார். காருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, மேலே எழுதிக் கோடு போட்டு, “சொல்லு நைனா” என்றார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகள், பிளக், லாக், பிளேடு, எலி, எல்லாம். ஒரு வரி எழுதியவர் பிறகு எழுதவில்லை. நான் முடித்ததும் எழுந்து உள்ளே போனார். தகர அலமாரியில் தேடிப் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். முதல் நாள் நான் சொன்னதெல்லாம் இருந்தது. அதற்கு அடியில் அவராக எழுதியது: ‘லாக் ஒடஞ்சிருக்கு. யாரோ அடிக்கடி கழட்டி மாட்டுறாங்க.’ அதன் மேல் ஒரே கோடாக அடித்திருந்தார். பக்கத்தில், ‘இல்லைன்னு டிரைவர் சொல்றார்.’

“அப்ப மொத நாளே புடிச்சிட்டேன்” என்றார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தார். “பாத்தியா? மொத நாளே!” அந்த வரியை விரலால் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

“அந்தப் பொண்ணு?”

“தையல் போட்டாங்க. கல்யாணம் ஆயிட்ச்சி. தழும்பு கீது.”

தலையை ஆட்டினார். “டீய குடி. ஆறிப் பூடும்” என்றார். நோட்டை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தார்.

திட்டு வாங்கத் தயாராகப் போனவன் நான். ஒரு திட்டும் இல்லை என்றதும் உடம்பு லேசாகிவிட்டது. வீட்டுக்குப் போய், “சொல்லிட்டேன். பெரிய மனுசன், மன்னிச்சிட்டாரு” என்று மனைவியிடம் சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. அதுவும் என் கையிலிருந்து போட்டுக்கொண்டதுதான். பொட்டலத்தையும் அன்றைக்கே தூக்கி எறிந்தேன்.

நாலு மாதம் கழித்து என் காரில் ஒரு லைட் எரிந்தது. மன்னிக்கப்பட்டவனுக்கு உள்ள உரிமையோடு நேராக அவரிடம் போனேன். சீட்டின் மேல் பழைய பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்தார். உட்கார இடமில்லை. வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது, பக்கத்தில் அதை ஓட்டிவந்த அம்மா. கோவளத்திலிருந்து சந்தைகளுக்குக் கருவாடு கொண்டுபோகிறவர். இவர் அந்த ஆட்டோவில் ஸ்கேனரைச் செருகிவிட்டு, குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நான் சொல்றத கேளுங்கோ. மேடு ஏறச்சொல்ல ஒண்ணும் இல்ல, எறங்கச்சொல்லதான்...” என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

“இருக்கட்டும்மா. மிஷின் பாத்துக்கும்.”

நான் என் காரைப் பற்றிச் சொல்லப் போனேன். எனக்கும் அதே பதில்தான். குரலில் கோபம் இல்லை. ‘நைனா’ மட்டும் இல்லை.

அந்த அம்மா என்னிடம் திரும்பினார். “இன்னாண்ணா இவரு? ஓட்டுறவங்க சொல்றத காது குடுத்துக் கேப்பாருன்னு எங்க ஊர்ல சொன்னாங்களேன்னுதான் இம்மாந்தூரம் வந்தேன். எறக்கத்துல பிரேக்கு லைட்டு எரியச்சொல்ல வண்டி ஆஃப் ஆவுது. போன வாரம் ஏரில வுட்டுட்டு இருப்பேன்.”

“என்னாண்ட சொல்லும்மா” என்றேன்.

என் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில், அந்த அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். எப்போது முதலில் ஆனது, என்ன லோடு, மழையா வெயிலா, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அதைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். “யாரு எழுதுனது?”

“நான்தாண்ணாத்த. அந்தம்மா சொன்னத அப்டியே.”

தாளைப் பிரிக்காமலே திருப்பி என் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் திரையின் பக்கம் குனிந்தார்.

நான் திரும்பி வந்ததும் அந்த அம்மா ஆவலாக, “இன்னாண்ணா, படிச்சாரா?” என்று கேட்டார்.

“படிச்சிட்டாரும்மா” என்றேன்.